சோய் நாய்களும் சுற்றுலாப் பயணிகளும்

தாய்லாந்து மொழியில் ‘சோய்’ என்றால் ஒழுங்கை. பெருந்தெருவிலிருந்து பிரிந்து வீடுகளுக்கு இடையே செல்லும் சிறிய பாதை. அந்த ஒழுங்கைகளில் எவருக்கும் சொந்தமில்லாமல், ஆனால் அங்கு வாழும் எல்லோரையும் அறிந்துகொண்டு திரிகின்ற நாய்களை ‘சோய் நாய்கள்’ என்று அழைக்கிறார்கள். நாம் கட்டாக்காலி நாய்கள் என்று சொல்வது இவற்றைத்தான்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் எங்கள் குடும்பமும் பாரிஸிலிருந்து வந்த சாச்சாவின் குடும்பமும் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு நாய்க் காப்பகத்தில் ஒரு முற்பகலைக் கழித்தோம் என்று வகுப்பில் சொன்னபோது பெரிய சிரிப்பு. “நாய் பார்க்கவா பிளேன் ஏறிப் போனாய்? நம்மட ரோட்டில இல்லாத நாயா?” என்று கேட்டாள் ஒரு தோழி. கேள்வி நியாயமானதுதான். அதற்கு அன்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் இந்தக் கட்டுரை சற்று நீளமாகிவிட்டது.

புக்கெட்டில் நாய்கள் பெருகுவதற்கும் உல்லாசப் பிரயாணத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைந்த காலம். கடற்கரைகள் நிரம்பி வழியும். ஹோட்டல்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் மிச்ச உணவு குவியும். வெள்ளைக்காரப் பயணிகள் நாய்க்குட்டிகளைக் கொஞ்சி, தங்கள் தட்டிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். மே மாதம் பருவமழை தொடங்கியதும் கூட்டம் கலைந்துவிடும். கடைகள் பாதி மூடப்படும். ஆறு மாதம் ஊட்டி வளர்த்த கைகள் காணாமல் போய்விட, அந்த ஆறு மாதத்தில் பிறந்த குட்டிகள் மட்டும் மிஞ்சும். ஒரு பெண் நாய் சுமார் 63 நாட்களே கருவைச் சுமக்கிறது. வருடத்தில் இரண்டு முறைகூடக் குட்டி போடும். போடப்பட்ட குட்டிகள் ஒரு வருடத்துக்குள்ளேயே தாயாகும் பருவத்தை அடைந்துவிடுகின்றன. இதைத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால், அன்போடு கொடுக்கப்படும் ஒரு துண்டு இறைச்சி ஏன் போதாது என்பது விளங்கும். வளர்க்க விரும்பாத குட்டிகளைப் பௌத்த விகாரைகளின் வாசலில் விட்டுச் செல்லும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. பிக்குகள் உணவு கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை. நமது நாட்டிலும் அது புதிதல்ல.

இந்தத் தீவில் 2003ஆம் ஆண்டு ‘சோய் டோக்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஜோன் டாலி, ஜில் டாலி என்ற ஆங்கிலேயத் தம்பதியர் முக்கியமானவர்கள். ஓய்வுக் காலத்தை அமைதியாகக் கழிக்கப் புக்கெட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். 2004ஆம் ஆண்டு, வெள்ளம் தேங்கிய வயலுக்குள் இருந்த ஒரு நாயைக் காப்பாற்ற இறங்கிய ஜில் டாலி அம்மையாருக்கு இரத்தத்தில் கிருமி தொற்றி, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் அகற்ற வேண்டியதாயிற்று. அதே வருடம் டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. அந்த நாளைப் பற்றி நமது கரையோர மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செயற்கைக் கால்களோடு அவர் மீண்டும் அதே வேலைக்குத் திரும்பினார். 2017இல் இறக்கும்வரை அதைச் செய்தார்.

ஆனால் அவருடைய கதையை விட அவர்கள் தெரிந்தெடுத்த வழிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. காப்பகம் என்றால் தெருவில் திரியும் எல்லா நாய்களையும் பிடித்து அடைத்து வைக்கும் இடம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி அடைத்தால் எந்தக் கட்டடமும் போதாது. ஒரு தெருவிலிருந்து நாய்களை அகற்றினால், அங்குள்ள உணவைத் தேடி அடுத்த தெருவின் நாய்கள் வந்து சேரும். ஆகவே பிடிப்பது, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வது, நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி போடுவது, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது என்பதே பிரதான வேலை. காப்பகத்துக்குள் இருப்பவை விபத்தில் சிக்கியவை, நோயுற்றவை, தெருவில் பிழைக்க முடியாத குட்டிகள். அந்த அமைப்பு தாய்லாந்து முழுவதிலும் இதுவரை கருத்தடை செய்த நாய்களும் பூனைகளும் பத்து இலட்சத்துக்கு மேல். உள்ளே இருக்கும் நாய்களைப் பார்த்து நாம் கண்கலங்குகிறோம். உண்மையான வேலை வெளியே, ஒழுங்கைகளில் நடக்கிறது.

இனி, விடுமுறைக்குப் போகும் ஒருவர் இதில் என்ன செய்யலாம்?

நான் அறிந்தவற்றுள் மிகப் பயனுள்ளதும், நம்மில் பெரும்பாலோர் கேள்விப்படாததுமான உதவி ‘விமானத் துணை’. நான் பார்த்த காப்பகத்தில் (அது வேறொரு சிறிய காப்பகம்) ஒரு கறுப்பு நாய் இருந்தது. வாகனத்தில் அடிபட்டு ஒரு பின்னங்காலை இழந்தது. அதை வளர்க்க பிரான்ஸில் ஒரு குடும்பம் ஆயத்தமாக இருந்தது. ஆனால் நாயைத் தனியே சரக்காக அனுப்பினால் செலவு பல மடங்கு. அதே விமானத்தில் பிரயாணம் செய்யும் ஒருவருடைய பயணச்சீட்டோடு சேர்த்து மேலதிகப் பயணப் பொதியாக அனுப்பினால் செலவு வெகுவாகக் குறையும். எங்கள் சாச்சாவின் மகள், நாங்கள் ‘பாரிஸ் ராத்தா’ என்று கூப்பிடுபவர், இதற்காகவே பாரிஸிலிருந்து புறப்பட முன்னரே காப்பகத்துக்கு எழுதித் தனது விமான இலக்கத்தையும் திகதியையும் கொடுத்திருந்தார். கட்டணம் முழுவதையும் காப்பகமே செலுத்தியது. பாங்கொக் விமான நிலையத்துக்குக் காப்பக ஊழியர்கள் நாயைக் கூட்டோடு கொண்டுவந்தார்கள். பாரிஸில் அந்தக் குடும்பம் வாசலில் காத்திருந்தது. இடையில் ராத்தா செய்தது தன் இருக்கையில் அமர்ந்து பிரயாணம் செய்தது மட்டுமே.

சாச்சா முதலில் சம்மதிக்கவில்லை. “விமான நிலையத்தில் மற்றவன் கொடுக்கிற பார்சலை வாங்காதே என்று உலகமே சொல்லுது. நீ ஒரு கூட்டையே வாங்கப் போறியா?” என்றார். பெற்றோர் எவரும் கேட்கவேண்டிய கேள்வி இது. அவருடைய கேள்வியால்தான் நாங்கள் பல விடயங்களை விசாரித்தோம். நம்பகமான காப்பகம் என்றால் அந்நாட்டில் பதிவு பெற்றிருக்கும். அதன் ஊழியர்கள் பதிவு மேசை வரை கூடவே வருவார்கள். நாயை வெளியே எடுத்து, வெறும் கூட்டைப் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுத்துவார்கள். நாயின் ஆவணங்களை முன்கூட்டியே அனுப்புவார்கள். யார் அதைப் பொறுப்பேற்கிறார்கள் என்பதை மறைக்க மாட்டார்கள். எழுதியிருப்பது என்னவென்று விளங்காத எந்தத் தாளிலும் கையொப்பமிடச் சொல்ல மாட்டார்கள். இவற்றில் ஒன்றேனும் குறைந்தால் மறுத்துவிட்டு வருவதே சரி. பயணத்தின் கடைசி நாளில் கடற்கரையில் சந்தித்த ஒருவர், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், ‘இந்தக் குட்டியை மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள்’ என்றால் கொண்டுபோகக் கூடாது.

கொண்டுபோகவும் முடியாது. தாய்லாந்திலிருந்து ஒரு நாய் ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றுக்குச் செல்வதென்றால், முதலில் அதன் தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்தப்பட வேண்டும். பின்பு நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி. அதன்பின் குறைந்தது 30 நாட்கள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, போதிய எதிர்ப்புச் சக்தி உண்டானதா என்று பார்க்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஆக, ஆகக் குறைந்தது நான்கு மாதங்கள். இரண்டு வார விடுமுறையில் மனமிரங்கி ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பது நடவாத காரியம். ஐக்கிய அமெரிக்கா 2024 ஓகஸ்ட் முதல், ஆறு மாதம் நிறையாத எந்த நாயையும் உள்ளே விடுவதில்லை. கனடா இன்னும் ஒரு படி மேலே சென்று, நீர்வெறுப்பு நோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து தத்தெடுப்புக்காக நாய்கள் கொண்டுவரப்படுவதை 2022 செப்டெம்பர் 28 முதல் நிறுத்திவிட்டது. அந்தப் பட்டியலில் நமது நாடும் உண்டு. செப்டெம்பர் 28 உலக நீர்வெறுப்பு நோய் தினம் என்பது தற்செயலோ என்னவோ.

சட்டங்கள் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் அந்த நோய். 2019ஆம் ஆண்டு நோர்வே நாட்டு யுவதி ஒருவர் நண்பர்களோடு பிலிப்பைன்ஸுக்கு விடுமுறைக்குச் சென்றார். வீதியோரத்தில் ஆதரவற்றுக் கிடந்த ஒரு நாய்க்குட்டியைக் கண்டு, தங்குமிடத்துக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டிப் பராமரித்தார்கள். விளையாடும்போது அது அவர்களைச் சிறிதாகக் கடித்தது, கீறியது. குட்டிதானே என்று எவரும் பெரிதாக எடுக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு அந்த யுவதி நோயுற்று இறந்துபோனார். அவருக்கு வயது 24. அவர் செய்ய நினைத்தது நாம் எல்லோரும் செய்ய நினைக்கும் அதே இரக்கச் செயல்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி வருடந்தோறும் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள். அவர்களுள் 99 சதவீதமானோருக்கு அது நாய்களிடமிருந்தே வருகிறது. சந்தேகத்துக்குரிய மிருகங்களிடம் கடிபடுபவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்கள். நோயின் அறிகுறி வெளிப்பட்ட பிறகு மருந்து இல்லை. ஆனால் கடிபட்ட உடனேயே காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி ஏற்றிக்கொண்டால் ஏறக்குறைய எவரும் இறப்பதில்லை. 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவ வேண்டும். கடித்தது குட்டியா பெரிய நாயா, இரத்தம் வந்ததா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. சிறிய தீவுகளில் தேவையான மருந்து கிடைக்காமலும் போகலாம் என்பதால், நாய்களோடு நெருங்கி வேலை செய்யும் எண்ணத்தோடு போகிறவர்கள் ஊரிலேயே வைத்தியரிடம் கேட்டு முன்கூட்டித் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே உதவ விரும்பும் பயணி தெருக் குட்டியைத் தூக்கக் கூடாது. அது இருக்கும் இடத்தைப் படம் பிடித்து, அருகிலுள்ள காப்பகத்துக்கு அறிவிப்பதே அந்தக் குட்டிக்குச் செய்யும் பேருதவி. ஹோட்டல் அறைக்கு எடுத்து வந்து பத்து நாள் பால் கொடுத்துவிட்டுப் பதினோராம் நாள் விமானம் ஏறுவதை விட அது எவ்வளவோ மேல். பத்து நாளில் அது மனிதரை நம்பப் பழகியிருக்கும், தெருவில் பிழைக்கும் வித்தையை மறந்திருக்கும்.

இந்த இடத்தில் நமது பெற்றோர் மனதில் இன்னொரு கேள்வி எழும் என்பதை அறிவேன். எங்கள் வாப்பாவின் மனதிலும் எழுந்தது. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகின்ற நமக்கு நாயின் உமிழ்நீர் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து, கழுவவேண்டிய கடமை இருக்கிறது. நாய்களுக்கு மத்தியில் போய் நிற்பதென்றால் தொழுகைக்கு என்ன செய்வது? நான் மார்க்கச் சட்டம் பேசத் தகுதியுடையவள் அல்ல. அதை உலமாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் சுத்தத்தைப் பற்றிய சட்டம் ஒன்று, இரக்கத்தைப் பற்றிய கடமை வேறொன்று என்பதை நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்டு, கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் நிரப்பி, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலேறி வந்து புகட்டிய மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட செய்தி ஸஹீஹுல் புஹாரியில் இருக்கிறது. மத்ரஸாவில் அதைக் கேட்காத பிள்ளை நம்மில் இல்லை. அவர் நாயை அணைக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அந்த நேரத்தில் அதற்கு எது தேவையோ அதைக் கொடுத்தார்.

தொடாமல் செய்யக்கூடிய வேலைகள் காப்பகத்தில் நிறையவே இருந்தன. ராத்தா நாய்களைப் படம் பிடித்தார். கூட்டுக்குள் மங்கலாகத் தெரியும் நாயை விட, வெளிச்சத்தில் முகம் தெரிய எடுத்த படமுள்ள நாயை ஆட்கள் விரும்பிக் கேட்கிறார்களாம். உம்மாவும் நானும் நன்கொடையாக வந்த பழைய துவாய்களையும் படுக்கை விரிப்புகளையும் தரம் பிரித்தோம். பிரெஞ்சு மொழியில் வந்த சில மின்னஞ்சல்களைச் சாச்சி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். நாய் என்றதும் முகம் சுளித்த சாச்சாவை எங்கே காணோம் என்று தேடினால், பூனைகளின் பகுதியில் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு, தோளில் ஒன்று. மனிதரோடு பழகிய பூனைக்கே வீடு கிடைக்கும் என்பதால், சும்மா உட்கார்ந்து கொஞ்சுவதற்கும் ஆள் தேவையாம். அவரைக் கிளப்பிக்கொண்டு வருவதுதான் அன்றைய தினத்தின் கஷ்டமான வேலை.

பொருட்கள் கொண்டுபோவதானால் முதலில் கேட்டு எழுதுங்கள். பழைய துவாய்க்குத் தட்டுப்பாடுள்ள காப்பகமும் உண்டு, துவாய் மலைபோல் குவிந்திருக்கும் காப்பகமும் உண்டு. மருந்து வகைகளைச் சுங்கத்தில் தடுப்பார்கள். பாரமான நாய் உணவைச் சுமந்து செல்வதில் பயனில்லை, அங்கேயே மலிவாக வாங்கலாம். பணம் கொடுப்பதானால் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் என்று சொல்லிக் கொடுப்பது என் விருப்பம். மற்றவர்கள் உணவுக்குக் கொடுக்க விரும்பலாம், அதிலும் குற்றமில்லை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கைத்தொலைபேசியில் வருகின்ற ‘நாய் மீட்பு’ காணொளிகளில் சில, காட்சிக்காகவே ஆபத்தில் தள்ளிவிட்டுப் பின்பு காப்பாற்றுவது போல் எடுக்கப்பட்டவை. எத்தனை நாய்களுக்குக் கருத்தடை செய்தீர்கள் என்று கேட்டால் கணக்குச் சொல்லக்கூடிய இடத்துக்கே கொடுக்க வேண்டும்.

உம்ராவுக்குப் போகும் வழியில் இஸ்தான்பூலில் சில நாட்கள் தங்குவோர் இப்போது நம்மில் அதிகம். அங்கே பள்ளிவாசல் முற்றங்களிலும் கடைவாசல்களிலும், காதில் வர்ண வில்லை குத்தப்பட்ட பெரிய நாய்கள் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டவை என்பதற்கான அடையாளம் அது. 1910ஆம் ஆண்டு அந்நகரத்தின் பல்லாயிரக்கணக்கான நாய்களைப் பிடித்து, நீரில்லாத ஒரு தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவை பட்டினியாலும் தாகத்தாலும் இறந்தன. அந்த நினைவு இன்றும் அம்மக்களிடம் இருக்கிறது. 2024 ஜூலை 30ஆம் திகதி துருக்கிப் பாராளுமன்றம் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்கவேண்டும் என்று புதிய சட்டம் இயற்றியபோது வீதிகளில் எழுந்த எதிர்ப்புக்கு அதுவும் ஒரு காரணம். நாய்கள் சுமார் 40 இலட்சம் என்கிறார்கள். இருந்த காப்பகங்களிலோ ஓர் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட நாய்களுக்கே இடம். அங்கு போகிறவர்கள் விரும்பினால் ஒரு காப்பகத்தை எட்டிப் பார்க்கலாம்.

“நம்மட ரோட்டில இல்லாத நாயா?” என்ற தோழியின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. வெளிநாட்டவரின் பார்வையில் நமது நாடும் ஒரு விடுமுறைத் தலம்தான். மிதிகம, தலல்ல போன்ற தெற்குக் கரையோர ஊர்களில் நாய்களுக்காக வெளிநாட்டவர்கள் தொடங்கிய காப்பகமும் வைத்தியசாலையும் இருக்கின்றன. அங்கு உதவ வருபவர்களில் பலர் விடுமுறைக்கு வந்த பயணிகளே. 1973ஆம் ஆண்டு இலங்கையில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் இறந்தார்கள். இன்று அது வருடத்துக்குச் சில பத்துப் பேராகக் குறைந்திருப்பது, பெரும்பாலும் நாய்களுக்கு இலவசமாகப் போடப்படும் தடுப்பூசியால். ஓர் இடத்தில் பத்து நாய்களுக்கு ஏழு என்ற வீதத்தில் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது வைத்தியர்களின் கணிப்பு.

எங்கள் பெரியும்மாவின் வீடு பொத்துவிலில். அறுகம்பேயில் அவர்களுக்கு நான்கு அறைகள் கொண்ட ஒரு தங்குமிடம் இருக்கிறது. புக்கெட்டில் நான் கேட்டறிந்த கதை அங்கே வருடந்தோறும் நடக்கிறது, மாதங்கள் மட்டுமே வேறு. மே முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாட வரும் வெள்ளைக்காரர்கள் ரொட்டியும் மீனும் போடுவார்கள். நவம்பரில் மழையோடு எல்லோரும் போய்விட, எலும்பும் தோலுமான குட்டிகள் பெரியும்மாவின் குசினி வாசலில் நிற்கும். அவர் திட்டிக்கொண்டே பழஞ்சோறு வைப்பார். இம்முறை நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான். அடுத்த சீசன் தொடங்க முன், பெப்ரவரி அல்லது மார்ச்சில் மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டு அந்த ஒழுங்கையில் உள்ள நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விக்கலாம். தங்குமிட வரவேற்பு மேசையில், குட்டிகளைத் தூக்கவேண்டாம், உதவ விரும்பினால் இதற்கு உதவுங்கள் என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டை வைக்கலாம். அட்டையை நான் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பெரியும்மா, “நாய்க்கு ஒப்பரேஷனா?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, பக்கத்துத் தங்குமிடக்காரர்களிடமும் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.